முட்டியில் ஒரு தட்டு, உள்ளே ஓர் ஓட்டம்!

மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருக்கிறோம். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, மருத்துவர் ரப்பர் சுத்தியலால் லேசாக ஒரு தட்டுத் தட்டுகிறார். விருட்டென்று கால் எகிறுகிறது! எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். உதைத்தது என் கால்தான். ஆனால் உதைக்கச் சொன்னது நானில்லை. பிறகு யார்? வாருங்கள், திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிடுவோம்.

தட்டு விழுந்த இடம் ஒரு தசைநாண். அது இழுபட்டதும் தொடையின் முன்தசை மயிரிழையளவு நீள்கிறது. அந்தத் தசைக்குள், நீட்சியைக் கவனிப்பதையே வேலையாகக் கொண்ட நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. அவைதாம் சேதி அனுப்புகின்றன. அதுவும் எந்தத் தடத்தில்? மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றிய தடித்த நரம்பிழையில். உடம்பின் அதிவேகத் தடங்களில் அது ஒன்று. (உறையில்லாத மெல்லிய இழைகளோ நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நடை போடும். கால்விரலை இடித்துக்கொண்டால் முதலில் 'சுரீர்', கொஞ்சம் கழித்து 'விண் விண்' என்று வலி இரண்டு தவணையாக வருகிறதே, அதற்குக் காரணம் இந்த வேக வித்தியாசம்தான்.)

சேதி நேராக மூளைக்குப் போகும் என்றுதானே நினைப்போம்? தண்டுவடத்திலேயே காரியம் முடிந்துவிடுகிறது! பின்வாசல் வழியாக உள்ளே வரும் சேதி, ஒரே ஒரு கைமாறலில் இயக்க நரம்பணுவிடம் போய், முன்வாசல் வழியாக உத்தரவாக வெளியேறுகிறது. தட்டிய கணத்திலிருந்து தசை விழித்தெழ ஏறத்தாழ 20 மில்லிநொடி. மூளைக்கும் ஒரு நகல் போகத்தான் செய்கிறது. ஆனால் "அட, தட்டினாரே!" என்று நாம் உணர்வதற்குள் இங்கே உத்தரவு போய்விட்டிருக்கும்.

எனக்கு மிகப் பிடித்த காட்சி இனிமேல்தான். முன்தசை சுருங்கும் நேரத்தில் பின்தொடைத் தசை மல்லுக்கு நின்றால் கால் எப்படி எழும்? அதனால் அதே சேதியின் இன்னொரு கிளை, நடுவில் ஓர் இடைநரம்பணுவை வைத்து, பின்தசையை அடக்கிவிடுகிறது. ஒன்றுக்கு 'கிளம்பு', மற்றதற்கு 'சும்மா இரு'! இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து விளக்கிய சார்லஸ் ஷெரிங்டன் 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இத்தனையும் நடக்கும் தண்டுவடத்தின் நீளம் சுமார் 45 சென்டிமீட்டர். பருமன் சுண்டுவிரல் அளவு. முதுகெலும்பு வளர்ந்த வேகத்துக்கு அது வளர்வதில்லை. பெரியவர்களில் இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் கொத்தாகத் தொங்குகின்றன. அதற்கு உடற்கூறியலில் 'குதிரைவால்' என்றே பெயர்! முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்கும் மருத்துவர்கள் அந்தப் பகுதியைத்தான் தேடுவார்கள். குத்துப்பட அங்கே தண்டுவடம் இல்லையே.

தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள், மூளையிலிருந்து 12 ஜோடி. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றில் பெரும்பான்மை பின்னால் ஒதுங்கியிருக்கும் சிறுமூளையில் குவிந்திருக்கின்றன என்பதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

மேல்மாடியான மூளை அனுப்பும் சமிக்ஞைகளால் கீழ்த்தளமான தண்டுவடத்தின் துடிப்பும் மாறும். முட்டி சரியாக எகிறாவிட்டால், "இரண்டு கைவிரல்களையும் கொக்கிபோல் கோத்து இழுங்கள்" என்பார் மருத்துவர். இழுத்தபடியே இருக்கும்போது தட்டினால், கால் முன்னைவிட ஜோராக எழும்! ஹங்கேரி மருத்துவர் யென்ட்ராசிக் 19ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த தந்திரம் இது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இன்னும் ஒரே ஓர் அறை. 12 ஜோடிகளில் பத்தாவதான வேகஸ், கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், குடல் என்று அலைகிறது. இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை போலத் துடிக்கும். வேகஸ்தான் கடிவாளத்தைப் பிடித்து 70 பக்கம் நிறுத்துகிறது. கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் விரலால் தொட்டுப் பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடியுங்கள். மூச்சை மெல்ல இழுங்கள். துடிப்பு கொஞ்சம் விரைகிறதா? இப்போது நிதானமாக விடுங்கள். தளர்கிறதல்லவா? அதோ, கடிவாளம் இறுகுகிறது!