மஞ்சள் விளக்கு விடுக்கும் எச்சரிக்கை: டயர் காற்றழுத்தக் கண்காணிப்பை வீட்டிலேயே மீளமைப்பது எப்படி?

வாகனக் கடன் பெற்றுப் புதிய கார் வாங்கிய வாடிக்கையாளர்கள் எங்களிடம் எழுப்பும் ஐயங்களுள் ஒன்று, டேஷ்போர்டில் திடீரென ஒளிரும் மஞ்சள் விளக்கைப் பற்றியது. குதிரை லாடம் போன்ற வடிவமும் அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறியும் கொண்ட அது, டி.பி.எம்.எஸ். எனப்படும் டயர் காற்றழுத்தக் கண்காணிப்பு அமைப்பின் எச்சரிக்கையாகும். காற்று நிரப்பிய பின்னும் விளக்கு அணையாவிடில் பலர் உடனே சர்வீஸ் நிலையத்தை நாடுகின்றனர். பெரும்பாலும் அதற்குத் தேவை எழுவதில்லை. வீட்டு வாசலிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் முறை தவறினால் விளக்கு மட்டுமே அணையும், ஆபத்து நீங்காது.

இருவகை அமைப்புகள்

நேரடி முறையில் ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் மின்கலத்துடன் கூடிய சென்சார் இருந்து, அழுத்தத்தை அளந்து ரேடியோ அலை வழியே தெரிவிக்கிறது. இத்தகைய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு டயரின் அழுத்தமும் எண்ணாகத் திரையில் தோன்றும்.

மறைமுக முறையில் காற்றை அளக்கும் கருவி ஏதுமில்லை. காற்று குறைந்த சக்கரத்தின் சுற்றளவு சற்றே சுருங்குவதால், அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். ஏ.பி.எஸ். பிரேக் அமைப்பின் சென்சார்கள் இவ்வேறுபாட்டை உணர்த்துகின்றன. ஆகவே, இவ்வகையில் மீளமைப்பு என்பது, "இப்போதுள்ள அழுத்தமே சரியானது" என்று காருக்கு நாம் அளிக்கும் சான்று. காற்று குறைந்த நிலையில் பொத்தானை அழுத்தினால், கார் அந்தத் தவற்றையே அளவுகோலாகக் கொண்டுவிடும்.

செய்யும் முறை

1. டயர் குளிர்ந்திருக்க வேண்டும். கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருப்பது நலம். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் உயர்ந்தே காட்டும்.

2. ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டுள்ள அட்டவணையைப் பார்த்து, பயணிகளின் எண்ணிக்கைக்கேற்ற அளவைத் தெரிந்துகொள்ளவும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பின்பற்றலாகாது.

3. நான்கு டயர்களையும் கேஜ் கொண்டு அளந்து, காற்றைச் சரிசெய்து, வால்வு மூடிகளை மறவாமல் பொருத்தவும்.

4. மறைமுக முறை கார்களில், நின்ற நிலையில் இக்னிஷனை இயக்கி, டி.பி.எம்.எஸ். பொத்தானை விளக்கு சிமிட்டும் வரை அழுத்திப் பிடிக்கவும். அல்லது திரையின் அமைப்புப் பட்டியலில் அதற்குரிய கட்டளையைத் தேர்ந்தெடுக்கவும். சரியான வழி உங்கள் காரின் கையேட்டில் இருக்கும்.

5. பின்னர்ச் சிறிது தொலைவு சீரான வேகத்தில் ஓட்டவும். மறைமுக அமைப்பு புதிய அளவை அப்போதுதான் பதிவு செய்துகொள்ளும். நேரடி முறை கார்கள் பலவற்றில் பொத்தானுக்கே வேலையில்லை. சில நிமிட ஓட்டத்தில் விளக்கு தானே அணையும்.

எப்போது மெக்கானிக்கை நாடவேண்டும்?

காரை இயக்கியதும் விளக்கு ஒரு நிமிடம் அளவுக்குச் சிமிட்டிப் பின் நிலையாக எரிந்தால், பழுது கண்காணிப்பு அமைப்பிலேயே உள்ளது. சென்சாரின் மின்கலம் தீர்ந்திருக்கலாம். மீளமைத்த சில நாட்களில் விளக்கு மீண்டும் எரிந்தால், சிறு பஞ்சரோ வால்வுக் கசிவோ இருக்கக்கூடும். அதை மறுபடியும் மீளமைத்து அணைத்தல் கூடாது.

பருவ மாற்றமும் ஒரு காரணமாகும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தம் ஒன்று முதல் இரண்டு பி.எஸ்.ஐ. வரை குறையும். கோடையில் நிரப்பிய காற்று டெல்லியின் ஜனவரிக் காலையில் போதாமற் போவது இதனால்தான்.

ஏன் இவ்வளவு கவனம்?

2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ட்யூப்லெஸ் டயர், டி.பி.எம்.எஸ்., பஞ்சர் ஒட்டும் கிட் ஆகியவை உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அத்தகைய காரில் நெடுஞ்சாலையில் செல்வோருக்கு இவ்விளக்கே முதற்காவல். மேலும், வழக்கமான மோட்டார் காப்பீட்டில் டயருக்கு மட்டும் நேரும் சேதத்திற்கு இழப்பீடு கிடையாது. வாகனமும் உடன் சேதமுற்றால்தான், அதுவும் மாற்றுச் செலவில் 50 விழுக்காடு வரையே கிடைக்கும். கூடுதல் டயர் காப்பு எடுத்துள்ளீர்களா என்பதைப் பாலிசியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு எரியாவிட்டாலும் மாதம் ஒருமுறை கேஜ் கொண்டு அளப்பதே நன்று. நான்கு டயர்களிலும் காற்று ஒரே சீராகக் குறைந்தால், மறைமுக அமைப்பு அதனை உணராமற் போகலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேஜ், பல ஆயிரம் ரூபாய் டயரையும் அதனினும் விலைமதிப்பற்ற உயிரையும் காக்கும்.