இயந்திரம் படிக்கும் குறிப்பு

2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் கிரிப்டோ சந்தையின் ஒரு வாலட்டிலிருந்து 23 கோடி டாலருக்கும் மேற்பட்ட சொத்து பறிபோனது. டெல்லி காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு இதை விசாரித்தது. பலர் கையொப்பமிட்டால்தான் பணம் நகரும் என்ற ஏற்பாடு அந்த வாலட்டில் இருந்தது. கையொப்பமிட வேண்டியவர்களும் இட்டார்கள். ஆனால் திரையில் காட்டிய பரிவர்த்தனை ஒன்று, கையொப்பமானது வேறொன்று என்றது வாசிர்எக்ஸ். கோளாறு எங்கள் பக்கம் இல்லை என்றது வாலட்டைப் பராமரித்த நிறுவனம். 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் கூட்டறிக்கை விட்டு வட கொரிய ஹேக்கர்களைக் கைகாட்டின.

அன்று ஏமாந்தவர்கள் கண்ணும் அனுபவமும் உள்ள மனிதர்கள். இப்போது அதே கையொப்பத்தை ஏஐ முகவர்களிடம் ஒப்படைக்கத் தொடங்கியிருக்கிறோம். “என்னிடமுள்ள ஈதரில் 100 டாலருக்கானதை யுஎஸ்டிசியாக மாற்றி, பாலிகானில் சேர்த்துவிடு” என்று நாம் எழுதினால் போதும், முகவர், நாணயத்தை மாற்றித் தரும் ஒரு ஸ்வாப் கருவியை அழைத்து வேலையை முடிக்கும். ஈதர் என்பது ஈதரியம் என்ற பிளாக்செயினின் நாணயம், யுஎஸ்டிசி டாலர் மதிப்புள்ள டோக்கன், பாலிகான் வேறொரு பிளாக்செயின்.

அந்த முகவருக்கு ஸ்வாப் கருவியைப் பற்றி என்ன தெரியும்? கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்ற சில வரிகள், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற பட்டியல், அவ்வளவுதான். இவை அடங்கிய குறிப்பில் ஒரு வரி விடுபட்டால், முகவர் அந்த இடத்தை ஊகத்தால் நிரப்பும். இத்தகைய குறிப்பு எழுதுவதை நிரல் முடிந்தபின் ஒப்புக்குச் செய்யும் வேலையாகக் கருதுவது ஆபத்து என்பதே என் உறுதியான எண்ணம்.

குறிப்பில் என்ன இருக்க வேண்டும் என்று அறிய, கருவி செய்யும் வேலையை முதலில் பார்ப்போம். இரண்டு பிளாக்செயின்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. பிட்காயின் வலைக்கு ஈதரியத்தில் நடப்பது தெரியாது. இந்தச் சிக்கலுக்கு 2013-இல் இணையத்தில் டியர் நோலன் என்ற பெயரில் எழுதியவர் அழகான தீர்வு ஒன்றை முன்வைத்தார். நான் ஒரு ரகசிய எண்ணைத் தேர்ந்து, அதன் கணித முத்திரையை மட்டும் வெளியிடுகிறேன். அந்த முத்திரைக்குரிய ரகசியம் தெரிந்தால்தான் திறக்கும் என்று என் நாணயத்தை ஒரு பிளாக்செயின் சங்கிலியில் பூட்டுகிறேன். நீங்களும் அதே முத்திரையால் உங்கள் நாணயத்தை மற்றொன்றில் பூட்டுகிறீர்கள். உங்கள் நாணயத்தை நான் எடுக்க வேண்டுமானால் ரகசியத்தை வெளியிட்டாக வேண்டும். வெளியானதும் அதைக்கொண்டு என் நாணயத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். குறித்த கெடுவுக்குள் யாரும் எடுக்காவிட்டால் அவரவர் நாணயம் அவரவருக்கே திரும்பும். பிரிட்ஜ் எனப்படும் வேறு வகையில், நாணயம் இங்கே பூட்டப்பட்டு, அங்கே அடகுச் சீட்டுப்போல ஒரு டோக்கன் அச்சாகிறது.

எந்த வழியானாலும் இங்கே பணம் போய், அங்கே இன்னும் வராத ஒரு இடைவேளை உண்டு. பிட்காயினில் ஒரு பிளாக் சேரவே சராசரியாக 10 நிமிடம் ஆகிறது. ஈதரியத்தில் பரிவர்த்தனை மாற்ற முடியாத உறுதி பெற ஏறக்குறைய 13 நிமிடம். கருவியின் குறிப்பு ‘வெற்றி’, ‘தோல்வி’ என்ற இரண்டு விடைகளை மட்டும் சொல்லியிருந்தால், பதில் கிடைக்காத முகவர் தோல்வி என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பிவிடும். பணம் இரண்டு முறை போகும். ‘நிலுவை’ என்ற மூன்றாவது நிலை உண்டு, அப்போது மீண்டும் அனுப்பாதே, அதே பரிவர்த்தனை எண்ணை வைத்து நிலவரம் கேள் என்று குறிப்பு சொல்லியாக வேண்டும். வங்கியிலாவது புகார் கொடுக்கலாம். இங்கே போனதைத் திருப்பித் தர ஆளில்லை.

தசம இடங்கள் இன்னும் நுட்பமான கண்ணி. டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிடி டோக்கனுக்கு ஈதரியத்தில் 6 தசம இடங்கள், பிஎன்பி என்ற சங்கிலியில் 18. பெயர் ஒன்று, மதிப்பும் ஒன்று, ஆனால் கருவிக்குக் கொடுக்க வேண்டிய முழு எண் லட்சம் கோடி மடங்கு மாறுகிறது. “குறைந்தது 99 டாலராவது கிடைக்க வேண்டும்” என்ற காப்பு வரம்பை 6 இடக் கணக்கில் எழுதி 18 இடச் சங்கிலிக்கு அனுப்பினால், அது ஏறத்தாழ பூஜ்யமாகிவிடும். எவ்வளவு மட்டமான விலையும் அப்போது செல்லும். அப்படிப்பட்ட பரிவர்த்தனைகளைத் தேடிப் பாய்வதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் காத்திருக்கின்றன.

2024 நவம்பரில் நடந்த ஃப்ரைசா போட்டி, சொல்லால் எழுதும் குறிப்பின் மறுபக்கத்தைக் காட்டியது. பணத்தை யாருக்கும் தராதே என்ற கட்டளையோடு ஓர் ஏஐ முகவரிடம் ஒரு நிதி வைக்கப்பட்டது. கட்டணம் செலுத்தி யாரும் அதனிடம் பேசிப் பார்க்கலாம். 482-ஆவது செய்தி வென்றது. எந்த நிரலும் உடைக்கப்படவில்லை. பணத்தை வெளியே அனுப்பும் கட்டளை, உண்மையில் உள்ளே வரும் பணத்தை ஏற்பதற்கானது என்று முகவரை நம்பவைத்து, நிதிக்கு 100 டாலர் தருவதாகச் சொன்னார் ஒருவர். முகவர் கட்டளையை இயக்கியது. சுமார் 47,000 டாலர் அவருக்குப் போனது. ஆகவே சொல்லைக் கொண்டு மட்டும் காவல் போட முடியாது. தொகை வரம்பும், பணம் சேரக்கூடிய முகவரிகளின் பட்டியலும், பெரிய தொகைக்கு மனித ஒப்புதலும் நிரலிலேயே பூட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பூட்டுகள் உள்ளன என்பதைக் குறிப்பு முகவருக்குச் சொல்ல வேண்டும்.

இந்தியருக்காக எழுதும் குறிப்பில் இன்னொரு பகுதியும் அவசியம். நம் சட்டப்படி ஒரு கிரிப்டோவை இன்னொன்றாக மாற்றுவதும் கைமாற்றமே. லாபத்துக்கு 30% வரி, வரம்பைத் தாண்டினால் 1% முன்பிடித்தம்; ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஓய்வில்லாமல் மாற்றிக்கொண்டே இருக்கும் முகவரிடம் ஒவ்வொரு முறையும் 1% பிடித்தால், 69 மாற்றங்களில் முதலீட்டில் பாதி முடங்கும், பின்னர் வரிக் கணக்கில் கோரிப் பெறலாம் என்றாலும். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், வாசிர்எக்ஸ் முதலீட்டாளர் ஒருவரின் வழக்கிலேயே, கிரிப்டோவும் சொத்துதான் என்று தீர்ப்பளித்தது. சொத்து என்றால் அதன் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் உரிமையாளர் கணக்குக் காட்ட வேண்டும். எந்த நாளில், என்ன ரூபாய் மதிப்பில், எதைக் கொடுத்து எதை வாங்கியது என்பதைக் கருவி ஒவ்வொரு பதிலிலும் தர வேண்டும். அதைச் சேமித்து வைக்க முகவருக்குக் குறிப்பிலேயே சொல்லிவைக்க வேண்டும்.