உஷார்! சாவிக்கொத்தில் தொங்குகிறது உங்கள் குடும்பம்

சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள். இருக்கிறதா அந்தக் குட்டிப் பென்டிரைவ்? பையில் இல்லாவிட்டால் சாவிக்கொத்தில், கைப்பையின் சின்ன ஜிப்புக்குள், கார் டேஷ்போர்டில் என்று எங்கேயோ கிடக்கும். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று கொஞ்சம் யோசியுங்கள். மகளின் எஸ்பிஎம் சான்றிதழ், அப்பாவின் பிறப்புப் பத்திரம், வீட்டில் உள்ள அத்தனை பேரின் ஐசி நகல், வீட்டுக் கடன் ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, கல்யாணப் படங்கள்.

அடுத்த கேள்வி. இதெல்லாம் வேறு எங்காவது இன்னொரு பிரதி இருக்கிறதா?

"இல்லையே" என்று இழுத்தீர்கள் என்றால், இதைப் படித்து முடிக்கும்வரை அந்தப் பென்டிரைவை எந்தக் கணினியிலும் செருகாதீர்கள்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா மகனுக்குக் கல்லூரி விண்ணப்பம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோஸ்டேட் கடை. மத்தியான நேரம், எனக்கு முன்னால் ஆறு பேர். கடைத் தம்பி என் பென்டிரைவை வாங்கிச் செருகினார், பிரிண்ட் எடுத்தார், வெடுக்கென்று பிடுங்கிக் கொடுத்தார். "ரெண்டு வெள்ளி, அண்ணே." வேலை முடிந்தது. ராத்திரி வீட்டில் திறந்தால் என் கோப்புறை ஒன்றையும் காணோம். பென்டிரைவின் பெயரிலேயே ஒரே ஒரு ஐகான், மூலையில் குட்டி அம்புக்குறியோடு. பதற்றத்தில் அதைத் தட்டினேன். தட்டியதுதான் தப்பு. கோப்புகள் அழியவில்லை, ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. ஆனால் அந்த ஒரு தட்டில் வைரஸ் என் மடிக்கணினிக்குள் குடியேறிவிட்டது. மறுநாள் அதே மடிக்கணினியில் என் மனைவி செருகிய பென்டிரைவுக்கும் தொற்றிக்கொண்டது.

கடைத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு முன்னால் நின்ற ஆறு பேரில் யார் கொண்டுவந்ததோ! அன்று அந்தக் கடைக்கு வந்த நானும் ஒரு நோய் சுமப்பவனாகத்தான் திரும்பினேன்.

கடைக் கணினி: ஊரே கை நனைக்கும் அண்டா

போட்டோஸ்டேட் கடைக் கணினியில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென்டிரைவ் ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கப் போனாலும், கோயில் திருவிழா அறிக்கையைக் கொடுக்கப் போனாலும் இதே நிலைதான். ஒரே அண்டாவில் ஊரே கை நனைக்கிறது.

முன்பெல்லாம் பென்டிரைவைச் செருகியதுமே வைரஸ் தானாக ஓடும். அந்த வழியை 2011-ல் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது. கதவு அடைபட்டதும் திருடன் வேறு வழி பிடித்தான். உங்கள் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குறுக்குவழி ஐகானை வைக்கிறான். கதவைத் திறந்துவிடுவது உங்கள் விரல். 2021 முதல் உலகமெங்கும் பரவிய 'ராஸ்ப்பெரி ராபின்' என்ற புழு இப்படித்தான் பென்டிரைவில் பயணம் செய்தது.

பெரிய இடத்திலும் இதே கதைதான். ஆசியாவில் நடந்த ஒரு மாநாட்டுக்கு ஐரோப்பிய மருத்துவமனை ஊழியர் ஒருவர் வந்தார். தன் விளக்கவுரையை மாநாட்டுக்கு வந்த மற்றவர்களோடு பென்டிரைவில் பகிர்ந்துகொண்டார். அவர்களில் ஒருவரின் கணினியில் இருந்த வைரஸ் அதில் ஏறிக்கொண்டது. அவர் ஊர் திரும்பிச் செருகியதும் மருத்துவமனைக் கணினிகளுக்குள் இறங்கிவிட்டது. செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023-ல் இதை வெளியிட்டது. படித்தவர், மருத்துவத் துறைக்காரர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவர். பென்டிரைவை ஒருவருக்குக் கொடுத்து வாங்கியது ஒன்றுதான் அவர் செய்தது.

இன்னொன்று. எல்ஆர்டி நிலையத்திலோ மாமாக் கடை மேசையிலோ ஒரு பென்டிரைவ் கிடந்தால், "யாருடையதோ பாவம், திறந்து பேரைப் பார்ப்போம்" என்று செருகிவிடாதீர்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென்டிரைவுகளை வேண்டுமென்றே போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். குறைந்தது 45 சதவீதம் பென்டிரைவுகளை யாரோ எடுத்துச் செருகி உள்ளே இருந்ததைத் திறந்திருந்தார்கள். பலருக்கு நல்ல மனசுதான், உரியவரிடம் சேர்க்கலாம் என்ற எண்ணம்தான். பொறி வைக்கிறவன் நம்புவதும் அந்த நல்ல மனசைத்தான்.

விரலிக்கும் வயசாகும்

தமிழில் இதற்கு 'விரலி' என்று அழகான பெயர் வைத்திருக்கிறோம். இது பிறந்த கதையில் நம் சிலாங்கூருக்கும் பங்கு உண்டு. 2000-ல் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் 'தம்ப்டிரைவ்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு தைவானில் நண்பர்களோடு ஃபைசன் நிறுவனத்தைத் தொடங்கி, ஒற்றைச் சில்லில் இயங்கும் பென்டிரைவைக் கொண்டுவந்தவர் புவா கெயின் செங். செகிஞ்சான் நெல்வயல் ஊரில் பிறந்து, கிள்ளான் பின் ஹுவா பள்ளியில் படித்தவர். பெருமைதான். ஆனால் அந்தக் காலத்தில் இது எதற்காக வந்தது? 1.44 மெகாபைட் பிளாப்பி டிஸ்குக்குப் பதிலாக, ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பைத் தூக்கிப் போக வந்தது. ஐபிஎம் 2000 கடைசியில் விற்றதில் 8 மெகாபைட்தான் கொள்ளளவு. தூக்கிப் போக வந்த பையை நாம் நகைப் பெட்டியாக்கிக் கொண்டோம்.

பென்டிரைவுக்குள் சுழலும் தட்டு கிடையாது. கோடிக்கணக்கான நுண்ணறைகளில் அடைத்து வைத்த மின்னூட்டம்தான் உங்கள் கோப்பு. அந்த மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகும். நம்ம ஊர் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அங்கேதான் நாம் பாட்டுப் போட்ட பென்டிரைவையும் பத்திரம் போட்ட பென்டிரைவையும் சேர்த்து வைக்கிறோம்.

எழுதி அழித்து எழுதி அழித்து அறைகள் தேய்வதும் உண்டு. பென்டிரைவிலேயே கோப்பைத் திறந்து, அதிலேயே திருத்தி, அதிலேயே நாள்தோறும் சேமிப்பவர்கள் அந்தத் தேய்மானத்தை வேகப்படுத்துகிறார்கள். கடையில் செய்வது போல வெடுக்கென்று பிடுங்கினால், பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நின்றுபோகும். மொத்தப் பென்டிரைவும் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டு நிற்கும். அப்போது 'ஆமாம்' என்று மட்டும் அழுத்தாதீர்கள். அதில் புதிதாக எதையும் எழுதாமல், தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மீட்பதற்குக் கேட்கும் பணத்தில் பத்துப் பென்டிரைவ் வாங்கலாம். அப்படியும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

முப்பது வெள்ளிக்கு இரண்டு டெராபைட்டா?

பாசார் மாலாமிலும் இணைய அங்காடிகளிலும் கண்ணைப் பறிக்கும் விலையில் '2 டெராபைட்' பென்டிரைவுகள் கிடைக்கின்றன. வாங்கிச் செருகினால் கணினியும் 2 டெராபைட் என்றுதான் காட்டும். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிகாபைட் சில்லாக இருக்கலாம். கொள்ளளவைப் பொய் சொல்லும்படி அதன் உள்நிரலை மாற்றி வைத்திருப்பார்கள்.

கொடுமை என்னவென்றால், இடம் தீர்ந்ததும் அது "இடமில்லை" என்று சொல்லாது. தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருக்கும். கோப்பின் பெயர் தெரியும், அளவு தெரியும். திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. சில வகைகளில் புதிய படம் பழைய படத்தின் மேலேயே எழுதப்பட்டுவிடும். கல்யாணப் படங்களைக் கொட்டிவிட்டு, முதலாம் ஆண்டு நிறைவன்று திறந்து பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் படப்பிடிப்பாளர் தன் பிரதியை அழித்திருப்பார்.

புதுப் பென்டிரைவ் வாங்கினால், ஒன்றையும் போடுவதற்கு முன் சோதியுங்கள். விண்டோஸுக்கு 'எச்2டெஸ்ட்டபிள்யூ', மேக், லினக்ஸுக்கு 'எஃப்3' என்ற இலவச நிரல்கள் உண்டு. பென்டிரைவ் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, எவ்வளவு இடம் உண்மை என்று சொல்லிவிடும்.

தொலைந்தால் தெரியும் சேதி

ஜப்பானின் அமாகசாகி நகரம். 2022 ஜூன் மாதம். நகராட்சிப் பணியைத் துணை ஒப்பந்தத்தில் எடுத்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், நகரவாசிகள் சுமார் 4,60,000 பேரின் விவரங்களைப் பென்டிரைவில் ஏற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வேலை முடிந்து சகாக்களோடு மது அருந்தப் போனார். போதையில் தெருவிலேயே தூங்கிவிட்டார். கண் விழித்தால் பையைக் காணோம். பெயர், முகவரி, பிறந்த தேதி, உதவித்தொகை பெறும் குடும்பங்களின் வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில். கூடுதல் பிரதி ஒன்றும் இருந்தது, ஆனால் அதே பைக்குள்! நகரமே தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டது. நல்லவேளை, கோப்புகள் கடவுச்சொல்லிட்டுப் பூட்டப்பட்டிருந்தன, சில நாளில் பையும் கிடைத்தது.

நம் பென்டிரைவில் பூட்டு உண்டா? நம் ஐசி எண்ணில் பிறந்த தேதி வெளிப்படையாகவே இருக்கிறது. ஐசி நகல், சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் மோசடிக்காரனுக்கு விருந்துதான். உங்கள் பெயரில் கடன் கேட்கலாம், "வங்கியிலிருந்து பேசுகிறேன்" என்று உங்கள் சம்பளத் தொகையைச் சரியாகச் சொல்லி உங்களையே நம்ப வைக்கலாம். அப்படிப் பேசி யாராவது பணத்தைக் கறந்துவிட்டால் தாமதிக்காமல் 997-ஐ அழையுங்கள். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்.

டியூஷன் மையம், கிளினிக், கணக்கெழுதும் அலுவலகம் நடத்துபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பிள்ளைகள், நோயாளிகள், வாடிக்கையாளர்களின் விவரங்கள் உங்கள் பென்டிரைவில் இருந்தால் அது உங்கள் வீட்டு விவகாரம் மட்டும் கிடையாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 உங்களைக் கட்டுப்படுத்தும். அதன் 2024 திருத்தத்துக்குப் பிறகு, தரவைக் காக்கத் தவறினால் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் 2025 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. "பென்டிரைவ் தொலைஞ்சு போச்சு சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சரி, என்னதான் செய்வது?

பென்டிரைவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன் வேலையை மட்டும் அதற்குக் கொடுங்கள்.

* கடைக்கென்று தனியாக ஒரு சின்னப் பென்டிரைவ் வையுங்கள். அன்றைக்கு அச்சடிக்க வேண்டிய ஒரு கோப்பு மட்டும் அதில் போகட்டும். வீடு திரும்பியதும் வைரஸ் சோதனை செய்துவிட்டு ஃபார்மட் செய்யுங்கள்.

* "வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேனே" என்பவர்களும் கவனியுங்கள். அந்த ஐசி நகல் கடைக்காரர் கைப்பேசியிலேயே தங்கிவிடும். பிரிண்ட் எடுத்ததும் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.

* ஐசி நகலில் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. தாளில் செய்வதைக் கோப்பிலும் செய்யுங்கள். கோடு போட்டு எழுதிய நகலை ஸ்கேன் செய்து வையுங்கள்.

* முக்கியப் பத்திரங்களை '7-ஸிப்' போன்ற இலவச நிரலில் கடவுச்சொல்லிட்டுப் பூட்டி வையுங்கள். கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதிப் பென்டிரைவோடு ஒட்டி வைக்காதீர்கள்!

* பென்டிரைவில் கோப்புறைகள் மாயமாகி அம்புக்குறி ஐகான் தெரிந்தால் தட்டாதீர்கள். பிடுங்கி வைத்துவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

* பழைய பென்டிரைவை யாருக்கும் தானம் செய்யாதீர்கள். 'டெலீட்' செய்தது போகாது, எளிய நிரலாலேயே மீட்டுவிடலாம். வேண்டாததை உடைத்துப் போடுங்கள்.

* எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று பிரதி. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. வெளியே என்றால் மேகச் சேமிப்பு, அல்லது அக்கா வீட்டு அலமாரி.

'வீட்டுக்கு வெளியே' என்பது ஏன் என்று கேட்கிறீர்களா? 2021 டிசம்பர் 18-ம் தேதியை நினைத்துப் பாருங்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் மேல்மாடிவரை ஏறிய நாள். பிள்ளைகளையும் முதியவர்களையும் தூக்கிக்கொண்டு மக்கள் கூரைக்கு ஓடினார்கள். மேசை மேல் இருந்த மடிக்கணினியையும், அதன் பக்கத்திலேயே கிடந்த பென்டிரைவையும் அந்த நேரத்தில் யார் தேடுவார்கள்? ஒரே அறையில் மூன்று பிரதி வைத்தாலும் வெள்ளத்துக்கு அது ஒரே பிரதிதான்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பென்டிரைவில் மட்டும் இருக்கும் பத்திரங்களையும் படங்களையும் கணினிக்கும் மேகத்துக்கும் நகலெடுத்துவிடுங்கள். சாவிக்கொத்திலிருந்து பென்டிரைவைக் கழற்றுங்கள். அப்பா அம்மாவின் பென்டிரைவையும் வாங்கிப் பாருங்கள். அவர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள்.