சாகாத புழுவிடம் கேளுங்கள்

ஒரு ரசாயனம் மண்ணைக் கெடுக்குமா என்று பார்க்க, பல நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 1984-ல் ஒரு சோதனையை வகுத்தது. செயற்கை மண்ணில் ரசாயனத்தைக் கலந்து மண்புழுக்களை விடுவார்கள். 14 நாள் கழித்து எத்தனை செத்தன என்று எண்ணுவார்கள். சரி, பிழைத்துக் கிடக்கும் புழு நலமாகத்தான் இருக்கிறதா?

வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கோவன், ஃபிட்ஸ்பேட்ரிக், வெனபிள்ஸ் குழுவினர் 1980-களில் இதைத்தான் துருவினார்கள். நம்மைப் போல ஆன்டிபாடி மண்புழுவுக்குக் கிடையாது. ஆனால் அதன் உடற்குழித் திரவத்தில் மிதக்கும் செல்கள், நம் வெள்ளணுக்களில் சில செய்வதுபோலவே கிருமியை விழுங்கிச் செரிக்கின்றன.

அந்தச் செல்களை எடுக்கப் புழுவை அறுக்க வேண்டியதில்லை. லேசாக மின்சாரம் தொட்டால் போதும், முதுகிலுள்ள நுண்துளைகள் வழியே திரவம் கசிந்துவிடும். இழந்த செல்களைப் புழு சில வாரங்களில் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும். எலிகளை வெட்டிச் செய்யும் ஆய்வோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் சேர்க்கப்பட்ட, அமெரிக்கா 1979-ல் தயாரிப்புக்குத் தடை போட்ட பி.சி.பி. ரசாயனத்தை வடிதாளில் தடவி, அதன்மேல் புழுக்களை விட்டார்கள். புழுக்கள் சாகவில்லை. கிருமியை விழுங்கும் அந்த எதிர்ப்புச் செல்களின் வேலைதான் மந்தமாகிப்போனது.

இன்னொரு சோதனை இன்னும் எளிது. செல்களில் நியூட்ரல் ரெட் சாயத்தை ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். செல்லுக்குள் செரிமான நொதிகளைத் தாங்கும் லைசோசோம் பைகளில் சாயம் சிவப்புப் புள்ளிகளாகத் தங்கும். ஆரோக்கியமான செல்லில் அது நெடுநேரம் நிற்கும். செம்பு ஏறிய மண்ணில் வாழ்ந்த புழுவின் செல்லிலோ பை பலவீனப்பட்டுச் சாயம் சீக்கிரமே வெளியே கசிந்து பரவும். பாதிச் செல்கள் கசிய எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் கணக்கு. வேண்டியது ஒரு மைக்ராஸ்கோப்பும், ஒரு கடிகாரமும், பொறுமையும்.

இதை வைத்து மனிதருக்கு என்ன ஆகும் என்று அப்படியே சொல்லிவிட முடியாது. ஆன்டிபாடி இல்லாத உயிர் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஆனால் மண்ணின் கதையைச் சொல்ல அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மண்ணைத் தின்று, தோலால் சுவாசிக்கும் உயிர் அது.

சோதனைக்கூடங்கள் அதிகம் பயன்படுத்தும் ஐசீனியா ஃபெட்டிடா புழுதான் நம்மூர் மண்புழு உரத் தொட்டிகளிலும் வளர்கிறது. இத்தனை இருந்தும், ஓ.இ.சி.டி.யின் 1984 விதியோ, குஞ்சுகளை எண்ணச் சொல்லும் அதன் 2004 விதியோ எதிர்ப்புச் செல்களைப் பார்க்கச் சொல்லவில்லை. பூச்சிமருந்துக்கு அனுமதி தருகிறவர்கள் எதிர்ப்புச் செல் சோதனையையும் கேட்டு வாங்க வேண்டும்.