கடன்பெற்ற படைக்கலம்: இந்தோ-சீனப் போரும் இலங்கைத் துறைகளும்

அரசுக்குரிய உறுப்புகள் ஆறனை எண்ணுமிடத்துத் திருவள்ளுவர் படையை முதலில் வைத்தார். கூழ் எனப்படும் பொருளையும் நட்பு எனப்படும் துணையையும் அதனோடு சேர்த்தார். இம்மூன்றுக்கும் இடையேயுள்ள தொடர்பினை, இரண்டாம் உலகப் போரின் பின்னர்ப் பிரெஞ்சு நாடு இந்தோ-சீனத்தில் நடத்திய போர் தெளிவுறக் காட்டுகின்றது. 1940இல் ஜேர்மனியிடம் தோற்ற பிரான்சு, தன் பொருள்வளத்தையும் படைக்கலச் சாலைகளையும் இழந்து நின்றது. அங்ஙனமாயின், 1945 முதல் 1954 வரை கடல்கடந்த நாடொன்றில் போர்புரிதற்கு வேண்டிய படைக்கலங்கள் அதற்கு எங்கிருந்து கிடைத்தன? இவ்வினாவுக்கு விடை காண்போர் இலங்கைக் கரைகளையும் நோக்குதல் வேண்டும்.

பிரெஞ்சுப் படை புத்துயிர் பெற்ற இடம் வட ஆபிரிக்காவாகும். 1943 சனவரியில் கசபிளாங்கா மாநாட்டில் ஐக்கிய அமெரிக்கா உறுதிமொழி அளித்தது. அதன்படி எட்டுப் பிரெஞ்சுப் படைப்பிரிவுகள் அமெரிக்க உடை, துப்பாக்கி, பீரங்கி, ஊர்தி ஆகியவற்றால் அணிசெய்யப்பட்டன. ஐரோப்பாவை மீட்பதற்கு வழங்கப்பட்ட அப்பொருள்களுள் ஒரு பகுதியே பின்னர்க் கிழக்காசியாவுக்குச் சென்றது.

கிழக்கு நோக்கிய வழியில் இலங்கை தங்குமிடமாயிற்று. கல்முனை, ஒலுவில், பொத்துவில் என நீளும் அம்பாறைக் கரை திறந்த கடலை நோக்கியது. அங்கே பெருங்கப்பல் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறை இல்லை. ஒலுவிலில் அலைதாங்கிகள் அமைத்துக் கட்டிய துறைமுகம் திறக்கப்பட்டது 2013ஆம் ஆண்டிலேயாம். ஆதலின் கீழ்க்கரைக்கு வந்த போர்க்கப்பல்கள் யாவும் ஆழமிக்க திருகோணமலையையே நாடின. 1944 ஏப்பிரிலில் பிரெஞ்சுப் பெரும்போர்க்கப்பலாகிய ரிசெலியு அங்கு வந்து பிரித்தானியக் கீழைக் கடற்படையுடன் சேர்ந்தது. 1945 ஓகத்தில் தளபதி லெக்ளேர் கண்டிக்கு வந்து மவுண்ட்பேற்றன் பிரபுவைச் சந்தித்தார். ஒக்டோபர்த் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கப்பல்கள் திருகோணமலையினின்றும் படையினரைச் சைகோனுக்குக் கொண்டுசென்றன. புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் நெடுங்காலமாய் வாழ்ந்துவந்த நகரம் அது.

சைகோனில் யப்பானியரின் சரணை ஏற்க முன்னரே வந்திருந்தது, தளபதி கிரேசியின் 20ஆம் இந்தியப் படைப்பிரிவு. அது திரும்பும் வேளையில் தன் ஊர்திகளைப் பிரெஞ்சுக்காரரிடம் விட்டுச்செல்ல விரும்பியது. அவற்றுள் ஏறத்தாழ 800 ஜீப்புகளும் லொறிகளும் அமெரிக்கா பிரித்தானியாவுக்குக் கடனாக ஈந்தவை. அவற்றை அகற்றுதல் நடைமுறைக்கு ஒவ்வாது என்று கூறிக் குடியரசுத் தலைவர் ட்றூமன் 1946இல் கைமாற்றத்துக்கு இசைந்தார். குடியேற்ற ஆட்சி மீள்வதற்குத் துணைசெய்ய அமெரிக்கா வெளிப்படையாய் முன்வராத காலம் அது. எனினும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் பொருள் செல்லுதலை அது தடுக்கவில்லை.

இவ்வாறு பல திசைகளிலிருந்து சேர்ந்த படைக்கலம் ஒருதன்மைத்தாய் இருக்கவில்லை. பிரித்தானிய ஸ்பிற்பயர் வானூர்திகளும், கைப்பற்றப்பட்ட யப்பானிய வானூர்திகள் சிலவும் பறந்தன. ஜேர்மனியர் தம் தேவைக்காகப் பிரான்சில் கட்டத் தொடங்கிய யுங்கர்ஸ் வானூர்திகள், போரின் பின்னர்ப் பிரெஞ்சுப் படைக்கே படையினரையும் குண்டுகளையும் சுமந்தன. கடற்படையின் விமானந்தாங்கியாகிய அரோமாஞ்சு, பிரித்தானியரிடமிருந்து 1946இல் இரவலாகப் பெற்றுப் பின்னர் 1951இல் விலைக்கு வாங்கிய கப்பலாகும். துப்பாக்கிகளோ இன்னும் கலப்பானவை. பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு 7.5 மி.மீ. தோட்டாவும், பிரித்தானியத் துப்பாக்கிக்கு 7.7 மி.மீ. தோட்டாவும், ஜேர்மன் துப்பாக்கிக்கு 7.92 மி.மீ. தோட்டாவும் வேண்டும். ஒன்றுக்குரியது மற்றொன்றுக்குப் பொருந்தாது, உதிரிப்பாகங்களும் அவ்வாறே. ஆகவே படைக்கலம் மிகுந்திருந்தும் பயன் குறைந்திருந்தது.

1949இல் சீனத்தில் பொதுவுடைமையாளர் வென்றதும் நிலைமை மாறிற்று. 1950 மே மாதத்தில் ட்றூமன் இந்தோ-சீனத்துக்கு முதலுதவியாக ஒருகோடி டொலருக்கு ஒப்புதல் அளித்தார். சூன் மாதத்தில் கொரியாவிற் போர் மூண்டது; உதவி வெள்ளமாயிற்று. பெயர்க்கற் போர்வானூர்திகள், பி-26 குண்டுவீச்சு வானூர்திகள், சாவி தாங்கிகள், ஆற்றுப் படகுகள் என்பன வந்து குவிந்தன. 1954 அளவிற் போர்ச்செலவில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை அமெரிக்கா தாங்கியது. எதிர்த்தரப்பாகிய வியட் மின்னுக்குச் சீனம் துணைநின்றது. தியன் பியன் பூக் கோட்டையைச் சூழ்ந்து அழித்த 105 மி.மீ. பீரங்கிகளும் அமெரிக்காவிற் செய்தனவே. சீனர் தம் பகைவரிடமிருந்து கைப்பற்றி அனுப்பியவை அவை. ஒரே நாட்டின் படைக்கலம் இருபுறமும் நின்று முழங்கிற்று.

அக்கோட்டை முற்றுகையிடப்பட்டிருந்தபோது இலங்கை மீண்டும் இப்போரிற் தொடர்புற்றது. 1954இல் அமெரிக்கக் குளோப்மாஸ்ரர் வானூர்திகள் பிரெஞ்சுப் படையினரை ஏற்றிக்கொண்டு கிழக்கே சென்றன. தன் வான்வழி அவை செல்லுதலை இந்தியப் பிரதமர் நேரு மறுத்தார். இலங்கைப் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல இசைந்தமையால் அவை இந்தியாவைச் சுற்றி இலங்கையில் இறங்கிச் சென்றன. அதே ஏப்பிரிலின் 28ஆம் நாள் கொழும்பிலே கூடிய ஆசியப் பிரதமர் ஐவர், இந்தோ-சீனத்தில் அமைதி வேண்டுமென ஆராய்ந்தனர். ஒரு வாயிலால் அமைதித்தூதரும் மறுவாயிலால் போர்வீரரும் புகுந்த நிலை அது. மே 7இல் கோட்டை வீழ்ந்தது. சூலையில் ஜெனீவா உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நவம்பரிற் புதுச்சேரியும் காரைக்காலும் இந்திய நிருவாகத்துக்கு மாறின.

இவ்வரலாற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். கூழ் இழந்த அரசு நட்பினாற் படை திரட்டலாம். ஆயின் போரின் போக்கை உறுதிசெய்யும் உரிமையும் படிப்படியாக ஈந்தோன் கைக்கே செல்லும் என்பது ஒன்று. தன் துறையையும் வான்வெளியையும் பிறர் எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்பதை ஆராய்ந்து முடிவுசெய்தல் சிறு நாட்டின் தலையாய உரிமை என்பது மற்றொன்று. திருகோணமலைக் கடற்றளமும் கட்டுநாயக்கா வான்றளமும் 1957இல் இலங்கைக்கு மீண்டன. திருகோணமலை முதல் ஒலுவில் வரையுள்ள துறைகள் அனைத்தும் இன்று இலங்கையருடையனவே. அவற்றுள் யார், எப்பொருளோடு, எந்நோக்கத்தோடு புகுகின்றனர் என்னும் வினாவை இடைவிடாது எழுப்புதல் கற்றோர் கடனாகும்.