பகுதிநேர முனைவர் பட்டம்: உயிர் மருத்துவ ஆய்வுக்குள் நுழையும் முன்

“பள்ளி வேலையோடு பிஎச்.டி. முடியுமா சார்?” இளம் ஆசிரியர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்வி இது. எம்.எஸ்சி., பி.எட். முடித்து அரசு மேல்நிலைப் பள்ளியில் பணியாற்றும் நான், உயிர் மருத்துவ அறிவியலில் பகுதிநேர ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கிறேன். முடியும் என்பதே என் பதில். ஆனால், தலைப்பை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

விதிகள் என்ன சொல்கின்றன?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. பகுதிநேரம் வேறு, தொலைநிலைக் கல்வி வேறு. தொலைநிலையில் முனைவர் பட்டம் பெற முடியாது. முதுநிலைப் பட்டத்துடன் சேருவோருக்கு 55 விழுக்காடு மதிப்பெண் தேவை. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. காலம் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் வரை கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுகள் அனுமதிக்கப்படலாம்.

பணியில் இருப்போர் தடையின்மைச் சான்று தர வேண்டும். பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்கப் பணி இடம் தரும், தேவைப்பட்டால் ஆய்வுப் பாடங்களை முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் ஆகிய மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். உரிய வழியில் விண்ணப்பிக்கும்போதே இவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தை விளக்க வேண்டும்.

தலைப்பே நேரத்தைத் தீர்மானிக்கும்

வரலாறு, இலக்கிய ஆய்வுகளில் நூல் நமக்காகக் காத்திருக்கும். உயிருள்ள செல் காத்திருக்காது. மனித செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பவர் இரண்டு, மூன்று நாள்களுக்கு ஒருமுறை வளர்ப்பு ஊடகத்தை மாற்றியாக வேண்டும். எலிகளுக்கு 28 நாள்கள் தொடர்ந்து மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனையில் ஒரு நாளும் விடுபடக் கூடாது. மாதத் தேர்வையும் மேலாண்மைக் குழுக் கூட்டத்தையும் வைத்துக்கொண்டு இவற்றைச் செய்வது கடினம்.

எனவே, நிறுத்தி வைத்துத் தொடரக்கூடிய வேலையைத் தேடினேன். ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குப் பாக்டீரியாக்கள் அடங்காமல் போவதே என் ஆய்வுப் பொருள். கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வைத்தால் பாக்டீரியாக்கள் ஆண்டுக்கணக்கில் உறங்கும். சனிக்கிழமை மாலை அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, மருந்து வில்லைகளை வைத்து, 35 டிகிரி அடைகாப்பானில் வைத்துவிடுவேன். 16 முதல் 18 மணி நேரம் கழித்து, ஞாயிறு காலையில் வில்லையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தை மில்லிமீட்டரில் அளப்பேன். மரபணு வரிசைகளைப் பொதுத் தரவுத்தளங்களிலிருந்து எடுத்து ஒப்பிடும் வேலையை வார நாள்களின் இரவில் வீட்டிலேயே செய்கிறேன். நீண்ட சோதனைகள் மே விடுமுறைக்கு. பொதுத்தேர்வுக் காலத்தில் ஆய்வகப் பக்கமே போவதில்லை.

நம் மாணவர்கள் மாதிரிகள் அல்லர்

ஆசிரியர்கள் கூடுதல் கவனம் காட்ட வேண்டிய இடம் இது. “நம் பள்ளியிலேயே 500 பிள்ளைகள் இருக்கிறார்களே, ரத்த மாதிரி எடுத்துவிடலாம்” என்று தோன்றலாம். மனிதர்கள் தொடர்பான எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் முன் அனுமதி கட்டாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி, பெற்றோரின் ஒப்புதலுடன் 7 வயது முதல் குழந்தையின் இசைவையும் பெற வேண்டும். மதிப்பெண் போடும் ஆசிரியர் கேட்டால் மாணவர் மறுப்பாரா? மறுக்க இயலாத இசைவு இசைவே அல்ல. நான் பயன்படுத்துபவை, நோயாளிகளின் அடையாளம் நீக்கப்பட்டு மருத்துவமனை ஆய்வகத்தில் சேமிக்கப்பட்ட பாக்டீரியாக்கள். அதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றோம்.

வகுப்பறைக்கு என்ன கிடைக்கிறது?

மருத்துவர் எழுதித் தந்த ஆன்டிபயாட்டிக்கை இரண்டு நாளில் தாமாகவே நிறுத்துவதும், மீதியை வேறொருவருக்குக் கொடுப்பதும் பல வீடுகளில் வழக்கம். வளையமே விழாத ஒரு தட்டின் படத்தைக் காட்டினால், அது ஏன் ஆபத்து என்று மாணவருக்கு உடனே புரிகிறது. “எங்க பாட்டி அப்படித்தான் மாத்திரையை வெச்சிருக்காங்க” என்று ஒரு குரல் எழும். பாடம் வீடு போய்ச் சேர்கிறது.

தொடங்க நினைப்பவர்கள் முதலில் நெறியாளரைச் சந்தித்து, வாரத்தில் உங்களால் தர முடிந்த மணி நேரத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வீட்டாரிடமும் பேசுங்கள், அவர்கள் தரும் தடையின்மைச் சான்றுதான் 6 ஆண்டுகளுக்கும் செல்லும்.