மலையிறங்கும் காரும் தேய்ந்த பிரேக்கும்

திருப்பதிக்குப் படிக்க வந்த புதிதில் திருமலைக்கு ஏறுவதே பெரிய காரியம் என்று எண்ணியிருந்தேன். காரில் போகிறவர்களுக்கு இறங்குவதுதான் பெரிய காரியம் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் தெரிந்துகொண்டேன்.

பிழைப்பை நாடி வேலூரிலிருந்து சித்தூருக்குக் குடிபெயர்ந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவிடம் பழைய மாருதி 800 ஒன்று உண்டு. அதில் ஐந்து பேராகப் போய்த் தரிசனம் முடித்துத் திரும்பினோம். ஏறுவதற்கு 1974இல் வந்த இரண்டாம் மலைச்சாலை. இறங்குவதற்கு 1944இல் திறந்த பழைய சாலை. அதன் ஒவ்வொரு வளைவிலும் முன்சக்கரம் கிறீச்சிட்டது. அம்மா கோவிந்த நாமத்தைச் சற்று உரக்கவே சொல்லத் தொடங்கினாள். "பிரேக் கத்துதுடா" என்றார் அப்பா, மெதுவாக.

பௌதிக மாணவனுக்குப் பயத்திலும் கணக்குத்தான் ஓடுகிறது. ஆட்களோடு சேர்த்து வண்டி ஏறத்தாழ ஆயிரம் கிலோ. இறங்கும் உயரம் சுமார் 700 மீட்டர். அப்படியானால் நாம் இழக்கும் நிலை ஆற்றல் ஏறக்குறைய 70 லட்சம் ஜூல். இருபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் உஷ்ணம் அது! வேகம் கூடாமல் இறங்கவேண்டுமானால் இவ்வளவும் எங்காவது போயாக வேண்டுமே? இரண்டாம் கியரில் இறங்கினால் கணிசமான பங்கை இஞ்சின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் விட்டுப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் புத்திசாலிகள் அதையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார்கள். அளவு கடந்து சூடேறினால், ஈரம் வாங்கிய பழைய பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். திரவத்தைப்போல் ஆவி அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் பொதுக்கென்று உள்ளே போய்விடும்.

சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் இரண்டு பேடுகள் கவ்விப் பிடிப்பதே டிஸ்க் பிரேக். 1902இலேயே லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலேயர் இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். புதிய பேடில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். எங்களுடையது இரண்டுகூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தூர் வீட்டு வாசலில் நானே வேலையில் இறங்கினேன். சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும்; தூக்கிய பின் தளர்த்த முயன்றால் சக்கரம்தான் சுற்றும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்தேன். காலிப்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேடுகள் வெளியே வரும். முழுதும் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர்க் குழாயில் தொங்கவிடலாகாது. தூசியை வாயால் ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணி போதும். டிஸ்கில் ஆழமான கோடுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் போவதே நல்லது.

புதிய பேடு தடிமனானது. ஆகவே பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். பழைய பேடை வைத்து ஸி-கிளாம்பால் மெல்ல மெல்ல நெருக்கினேன். அப்போது மேலே ஆயில் மட்டம் உயரும். அது வழிந்து பெயின்டில் பட்டால் பெயின்டை அரித்துவிடும். பட்ட இடத்தை உடனே தண்ணீரால் கழுவவேண்டும். பேடிலோ டிஸ்கிலோ கிரீஸ் ஒரு துளியும் படலாகாது. ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டேன். சந்தேகம் வந்தால் பார்க்க ஒரு மாதிரி வேண்டுமல்லவா? ஆனால் இரு பக்கமும் மாற்றியே தீரவேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எல்லாம் முடிந்தது என்ற மிதப்பில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். தரைவரை போய்விட்டது! நெஞ்சு திக்கென்றது. பிறகுதான் விளங்கியது: பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. நாலைந்து முறை மிதித்ததும் பெடல் கெட்டியாயிற்று. இதைச் செய்யாமல் கியரைப் போட்டிருந்தால் எதிர்வீட்டுச் சுவரில்தான் நின்றிருப்பேன். நண்பர்களே, மற்றதை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டர்கள் பிரேக்கை மென்மையாகவே பிடித்துப் பேடைப் பழக்கினோம். அதன் பின்னரே மலைக்குப் போனோம். இரண்டாம் கியரில் இறங்கியதைப் பார்த்துப் பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். அப்பா ஓரம் ஒதுங்கி வழிவிட்டார். சக்கரம் சத்தமே போடவில்லை. அம்மாவின் கோவிந்த நாமம் மட்டும் முன்போலவே உரக்கக் கேட்டது.